கத்தீட்ரல் சாலைக்கு வரவேண்டிய இரண்டு ஓவியர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்றால் கோபாலபுரத்துக்காரர்களுக்கு இரண்டு வேலை கூடிவிடும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காமல் அவர்களை நடத்தியே வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். முதலில் ஜூனில் மூன்று நாள் விழாவாக நடந்தது. வெயிலை உத்தேசித்தோ என்னவோ, 2024இல் பிப்ரவரிக்கு நகர்ந்தது. 2025இல் ஜனவரிக்கு வந்தது. நல்ல முடிவு. ஜூன் மாதத்துச் சென்னை வெயிலில் ஊட்டிப் பூவை நிற்க வைப்பது அந்தப் பூவுக்குச் செய்கிற கொடுமை.

பூக்களால் செய்த விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. கம்பிக் கூட்டுக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து அதில் ஆயிரக்கணக்கான பூவைச் செருகுகிறவர்களின் உழைப்பு லேசானதில்லை. குழந்தைகள் அதன் முன்னால் நின்று துள்ளுவதைப் பார்த்தால் நமக்கும் துள்ளத் தோன்றும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். யானையின் காதில் செருகியிருக்கும் சாமந்தியைப் பார்க்கிறவர் யானையைத்தான் பார்க்கிறார், சாமந்தியைப் பார்ப்பதில்லை. ஒரு பூவை ஒரு நிமிஷம் தொடர்ந்து பார்க்க வைக்கிற எதுவும் அந்தக் கண்காட்சியில் எனக்குத் தட்டுப்படவில்லை.

போன தடவை என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "இங்க செடிகளோட படத்த மாட்டி வைக்கணும்டி. நல்ல ஓவியங்களா."

"என்ன சித்தி, நெஜச் செடியே நிக்குது. அதோட படத்த எதுக்கு மாட்டணும்? படம் பாக்கணும்னா ஆர்ட் கேலரி இருக்கே!"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. என்னிடம் இருக்கிற பதில் அந்தப் பூங்கா இருக்கும் மண்ணோடு சம்பந்தப்பட்டது.

கத்தீட்ரல் சாலை என்ற பெயர் செயின்ட் ஜார்ஜ் கத்தீட்ரலால் வந்தது. 1816இல் திறந்த தேவாலயம். அதை ஒட்டிய நிலத்தில் தோட்டம் போட்டது அக்ரி ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி. 1835இல் ஆரம்பித்த சங்கம் அது. வெளியூர்ச் செடிகளைக் கொண்டுவந்து இங்கே பிழைக்குமா என்று பார்ப்பது, விதை கொடுப்பது, காய்கறி, பூப் போட்டிகள் நடத்துவது என்று அதற்குப் பல வேலை. அந்தத் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. காரின் ஜன்னலில் டிரேயை மாட்டி டிபன் கொடுத்த காலத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2008இல் அதை மூடியபோது ஊரே துக்கம் கொண்டாடியது. (சாம்பார் இட்லிக்காக அழுத கண்ணீரில் பாதியைத் தோட்டத்துக்காகவும் அழுதிருக்கலாம் என்று அப்போதே சொல்லி, வீட்டில் திட்டு வாங்கினேன்.) பல வருஷ வழக்குகளுக்குப் பிறகு அரசு நிலத்தை எடுத்துக்கொண்டு 2010 நவம்பர் 24 அன்று செம்மொழிப் பூங்காவைத் திறந்தது. அந்த வருஷம் ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததால் வந்த பெயர். அதே சாலையில் சொசைட்டியிடமிருந்து மீட்ட இன்னொரு துண்டு நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. கண்ணாடி மாளிகை, ஜிப்லைன் எல்லாம் அங்கே உண்டு.

ஆக, சுமார் 190 வருஷமாகச் செடி கொடிகளோடு தொடர்புள்ள இடம் இது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக வந்தவர். 1826இல் சென்னை அரசாங்கத்தின் 'நேச்சுரலிஸ்ட்' ஆனார். இரண்டே வருஷத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அரசாங்கங்களுக்கு முதலில் கைவைக்கத் தோன்றுவது எப்போதும் இந்த மாதிரிப் பதவிகளில்தான் போலிருக்கிறது! வைட்டை நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பினார்கள். அவர் அங்கேயும் போய்ச் செடி சேகரித்தார்.

என்னிடம் பிளஸ் டூ படித்தவர்களுக்கு வைட்டைத் தெரியும். பெயர் மறந்திருக்கும், அவ்வளவுதான். மருத மரத்தின் அறிவியல் பெயரான டெர்மினாலியா அர்ஜுனாவுக்குப் பின்னால் 'வைட் அண்ட் ஆர்ன்' என்று ஒரு வால் வரும், ஞாபகம் இருக்கிறதா? தென் மாவட்டத்துக் குடைவேல மரத்தின் பெயரிலும் அதே வால் உண்டு. 'ஆர்ன்' என்பது அவரோடு சேர்ந்து எழுதிய வாக்கர் ஆர்நாட். ஒரு செடிக்கு முறைப்படிப் பெயர் கொடுத்தவரின் பெயர் அந்தச் செடியோடு காலத்துக்கும் ஒட்டிக்கொண்டே வரும். தாவரவியலில் அது சட்டம்.

அந்தச் செடிகளை வரைந்தவர்களுக்கு அப்படி ஒரு வால் கிடையாது.

வைட்டுக்கு வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா. அவருக்குப் பின், 1840களின் நடுவிலிருந்து கோவிந்து. இருவரும் தெலுங்கு பேசியவர்கள். 1826 வாக்கில் வரைய ஆரம்பித்து, 1853இல் வைட் ஊருக்குக் கப்பல் ஏறும்வரை ஏறக்குறைய 27 வருஷம் அந்த வேலை தொடர்ந்தது. அதன் பெரிய விளைச்சல் 'ஐகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்ற நூல். 1838இல் ஆரம்பித்து 1853இல் முடிந்தது. ஆறு தொகுதிகள், 2101 படங்கள். இதுபோக வண்ணப் படங்களோடு இன்னும் இரண்டு நூல்கள்.

2101 என்ற எண்ணைச் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். இன்றைக்கு ஒரு பிளஸ் டூ மாணவர் ரெக்கார்டு நோட்டில் வருஷம் முழுக்க வரைகிற படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்கே அம்மாவும் அக்காவும் உதவிக்கு வருவார்கள்.

அந்தப் படங்கள் உருவான விதத்தையும் சொல்கிறேன். காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ செடி வந்து சேரும். இந்த ஊர்ச் சூட்டில் அது வாடுவதற்குள் வரைய வேண்டும். முழுக் கிளை ஒன்று, இயல்பான அளவில். பிறகு பூவைப் பிரித்து, லென்ஸின் கீழ் வைத்து, அல்லி எத்தனை, புல்லி எத்தனை, மகரந்தப்பை எப்படித் திறக்கிறது, சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்கிக் கீழே வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சூலை வரைகிறவருக்கு, தான் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு அந்தப் படத்தைக் கல்லுக்கு மாற்றுவார்கள். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் கோடு போட்டு, கல்லை நனைத்து, அதன் மேல் அச்சு மையை உருட்டினால் கோட்டில் மட்டும் மை பிடிக்கும், ஈரமான மற்ற இடத்தில் பிடிக்காது. லித்தோகிராஃப் என்பது இதுதான். வைட் இந்தத் தொழிலைத் தானே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சிட்டார்.

அச்சான படங்களின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ரங்கையாவின் பெயரும், பிறகு கோவிந்துவின் பெயரும் இருக்கின்றன. பக்கத்தில் 'டெல்.' என்று ஒரு சுருக்கம். 'வரைந்தவர்' என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் மூன்று எழுத்து. கம்பெனிக் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டு வரைய வைத்த படங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயரே கிடையாது. வைட் போட்டார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயியா' என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பெயரும் வைத்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து, அது ஏற்கெனவே பெயருள்ள 'டிராபிடியா'தான் என்று சேர்த்துவிட்டார்கள். விதி அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்று அந்தப் பெயர் 'செல்லாத பெயர்கள்' பட்டியலில் மட்டும் இருக்கிறது.

இந்தப் படங்கள் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. தாவரப் பெயரிடும் சர்வதேச விதியில் ஒரு பிரிவு உண்டு. 1908 ஜனவரி 1க்கு முன் வெளியான படத்தில் பூவின் பாகங்களைப் பிரித்துக் காட்டியிருந்தால், எழுத்தில் விளக்கம் இல்லாவிட்டாலும், சிற்றினத்தின் பெயருக்கு அந்தப் படமே போதும். அதாவது, ஒரு செடி அறிவியலுக்குள் நுழைவதற்கான சாட்சியாக ஓவியரின் கோட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று ஐந்து மார்க்குக்குக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியின் பூர்வீகம் இங்கே இருக்கிறது.

அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். நிஜச் செடி நிற்கும்போது படம் எதற்கு?

வகுப்பில் நான் கண்ட பதில் ஒன்று உண்டு. ஊமத்தம்பூவைக் கையில் கொடுத்து 'பார்' என்றால் பிள்ளைகள் ஐந்து வினாடி பார்ப்பார்கள். 'வரை' என்றால் இருபது நிமிஷம் பார்ப்பார்கள். "மிஸ், இதழ் அஞ்சும் ஒட்டிக்கிட்டிருக்கு", "மிஸ், மொட்டுல முறுக்கிக்கிட்டு இருந்திச்சே, அந்தக் கோடு இன்னும் தெரியுது" என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். போட்டோவால் இது நடக்காது. போட்டோவில் ஒரு செடியின் ஒரு நாள் இருக்கும். நல்ல தாவர ஓவியத்தில் மொட்டு, பூ, காய், விதை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கும். நிஜச் செடிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தால் படத்தைப் பார்த்துவிட்டுச் செடியைத் தேடுவோம், செடியைப் பார்த்துவிட்டு மறுபடி படத்துக்கு வருவோம். ஆர்ட் கேலரியில் இந்தப் போக்குவரத்துக்கு வழி இல்லை. பூங்காவில்தான் உண்டு.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் கியூ தோட்டத்தில் 1882இலிருந்து மரியான் நார்த் கேலரி இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல் உலகம் முழுக்கத் தனியாகச் சுற்றிச் செடிகளை வரைந்த பெண்மணி. 1870களின் கடைசியில் இந்தியாவுக்கும் வந்தார், தஞ்சாவூரில்கூடத் தங்கியிருந்தார். தன் ஓவியங்களுக்காகத் தன் செலவிலேயே ஒரு கட்டடம் கட்டிக் கியூவுக்குக் கொடுத்தார். 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவரில் இடைவெளியே இல்லாமல் மாட்டியிருக்கும். வருகிறவர்களுக்கு டீ, காபி கொடுக்கலாமா என்று கேட்டாராம். தோட்டத்து இயக்குநர் ஹூக்கர் முடியாது என்றுவிட்டார். சரி என்று டீச் செடியையும் காபிச் செடியையும் வாசலில் வரைந்து வைத்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த பழிவாங்கல் கதை இது. அதே கியூவில் 2008இல் தாவர ஓவியங்களுக்கென்றே இன்னொரு கேலரியும் திறந்தார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரின் தாவரவியல் பூங்காவிலும் 2021இலிருந்து ஒரு பழைய பங்களாவில் தாவர ஓவியக் கூடம் இருக்கிறது. அங்கே இருக்கும் என் பழைய மாணவிகள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எனக்கு முக்கியமான ஊர் எடின்பரோ. ரங்கையா, கோவிந்து வரைந்த மூல ஓவியங்களில் பெரிய பங்கு, நூற்றுக்கணக்கில், இன்று எடின்பரோ ராயல் தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. 1670இல் தொடங்கிய தோட்டம் அது. அதன் நடுவில் இன்வர்லீத் ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை. 1960இலிருந்து 1984 வரை ஸ்காட்லாந்தின் தேசிய நவீனக் கலைக்கூடமே அந்த வீட்டில்தான் இருந்தது. அது வேறிடம் போன பிறகு தோட்டத்தாரே அங்கே கண்காட்சிகள் நடத்தினார்கள். நவீன ஓவியங்களையும் தங்கள் சேகரிப்பிலுள்ள பழைய தாவர ஓவியங்களையும் அதே கூரையின் கீழ் வைத்துக் காட்டினார்கள். இந்தியத் தாவர ஓவியங்களும் அங்கே கண்காட்சி கண்டிருக்கின்றன. அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த ஹென்றி நோல்டி என்ற தாவரவியலாளர் 2007இல் வைட்டைப் பற்றி மூன்று தொகுதி நூல் கொண்டுவந்தார். ஒன்று வைட்டின் வாழ்க்கை. ஒன்று, வைட்டைத் தேடி நம் ஊர்ப் பக்கமெல்லாம் அலைந்த பயணக் கதை. நடுவில் இருப்பது முழுக்க ரங்கையாவும் கோவிந்துவும். தலைப்பிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. 150 வருஷத்துக்கு மேல் அந்தப் படங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி, வரைந்தவர் யார் என்று தேடி, பெயரைத் தலைப்பில் போட்டிருக்கிறார்கள். நாம் இங்கே அவர்களை ஒரு பாடப்புத்தகத்தின் பெட்டிச் செய்தியில்கூடச் சேர்க்கவில்லை. நான் நடத்திய எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர்கள் வந்ததில்லை.

அங்கேயும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 2016 அக்டோபரில், கண்காட்சி நடத்திக் கட்டுப்படியாகவில்லை, இனி இன்வர்லீத் ஹவுஸில் கலைக்கூடம் கிடையாது என்று தோட்ட நிர்வாகம் அறிவித்தது. தோட்டத்தின் வேலை செடி ஆராய்ச்சி, பணம் அதற்குத்தான் என்பது அவர்கள் வாதம். உள்ளூர் மக்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், வாசலில் கூடினார்கள். பிறகு அங்கே மறுபடி கண்காட்சிகள் வந்தன. தோட்ட நிர்வாகத்தின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக்கே பணம் பத்தாத இடத்தில் ஓவியம் இரண்டாம் பட்சமாகத்தான் தெரியும். ஆனால் ரங்கையாவின் விஷயத்தில் ஓவியமும் ஆராய்ச்சியும் ஒரே தாளில் இருக்கிறதே, எதை எடுத்து எதை விடுவது?

இன்னொரு தொடர்பையும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க நம் ஊர். எழும்பூர்ப் பக்கம் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹன்டர். அவரும் டாக்டர்தான்! (அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தனிப் பதிவே எழுதலாம்.) அவர் பள்ளியில் படித்த பிள்ளைகளைக் கொண்டு செடிகளை வரைய வைத்தவர் ஹியூ கிளெக்கார்ன் என்ற இன்னொரு டாக்டர். பிற்பாடு சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனவர். இவர்தான் 1853இல் நம் கத்தீட்ரல் சாலைத் தோட்டத்தில் இருந்த செடிகளின் பட்டியலைப் புத்தகமாகப் போட்டவர். அதாவது, இந்த ஊரில் தோட்டமும் ஓவியப் பள்ளியும் ஒரு காலத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. இப்போது இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேர பஸ் பயணம். பேச்சுவார்த்தைதான் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி நான் கேட்பது.

மூல ஓவியங்களை எடின்பரோவிலிருந்து கொண்டுவரச் சொல்லவில்லை. தாளில் வரைந்த நீர்வண்ணப் படத்துக்கு வெளிச்சமே எதிரி. அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் என்ற மங்கல் வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். நம் பூங்கா வெயிலில் வைத்தால் ஒரு கோடை தாங்காது. ஆனால் 'ஐகோனெஸ்' ஆறு தொகுதிகளும் ஸ்கேன் செய்யப்பட்டு, 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' என்ற இணைய நூலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. காலணா செலவில்லை. நொச்சி அதில் இருக்கிறது. டெங்கு காலத்தில் நாம் எல்லாரும் குடித்த நிலவேம்பு இருக்கிறது. நன்னாரி இருக்கிறது. நம் மாநிலப் பூவான செங்காந்தள் இருக்கிறது. செம்மொழிப் பூங்காவில் மூலிகைத் தோட்டம் என்று தனிப் பகுதியே உண்டு. ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக அச்சிட்டு, அந்தந்தச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். கீழே செடியின் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், அதே அளவு எழுத்தில் 'வரைந்தவர்: ரங்கையா' அல்லது 'வரைந்தவர்: கோவிந்து'. பொடி எழுத்து வேண்டாம்.

இதைச் சில வருஷம் முன்பு ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். "கறுப்பு வெள்ளைப் படமா மேடம்? செல்ஃபி எடுக்க எதாவது இருந்தாத்தான் ஜனங்க நிப்பாங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. 'ஐகோனெஸ்' படங்கள் வண்ணம் இல்லாத கோட்டுப் படங்கள்தான். அவற்றுக்கு முன்னால் ஜனங்கள் நிற்பார்களா என்ற சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது என் பழைய மாணவன் ஒருவன். ராயப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். படிக்கும்போது தியரியில் தட்டுத் தடுமாறுவான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பூவரசின் பூவை அவன் வரைந்த பக்கத்தை அடுத்த செட்டுப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டியிருக்கிறேன். வீட்டு நிலைமை காலேஜுக்கு விடவில்லை. கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து என்று பிழைப்பு ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

போன மாதம் ஒரு விசேஷத்துக்குப் பேனர் சொல்லப் போனபோது, டேப்லெட்டில் இருந்த நிலவேம்புப் படத்தை அவனிடம் காட்டினேன். யார் வரைந்தது, எப்போது என்று எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தான். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மிஸ், இவரு கோட்ட எங்கயும் திருப்பிப் போடல. ஒரே இழுப்பு. பாருங்க, நரம்பு ஓரத்துக்கு வர வர மெலிசாவுது, கை நடுங்கவே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பூவ பிரிச்சிப் போட்டிருக்காரே, இத நான் வரையும்போது எனக்கு அந்த உள் மயிர் தெரியல மிஸ். நீங்க லென்ஸ் குடுத்தும் தெரியல. இவருக்கு எப்டித் தெரிஞ்சுது?"

ரங்கையா, கோவிந்து கதையைச் சொன்னேன். 2101 படம் என்று சொன்னபோது காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணீர் அஞ்சலிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர், பாவம். அவரும் அந்த நிலவேம்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எங்கம்மா இதத்தான் வேலியோரம் போட்டு வச்சிருந்தாங்க" என்றார்.

வண்ணமில்லாத கோட்டுப் படத்தின் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். செல்ஃபி யாரும் எடுக்கவில்லை.

பிறகு தொழில் விஷயம் பேசினோம். சாதாரண ஃப்ளெக்ஸில் போட்டால் இந்த மெல்லிய கோடெல்லாம் கரகரவென்று உடையும், வெயிலுக்கும் தாங்காது என்றான். நல்ல வினைலில் அடித்து, மேட் லேமினேஷன் போட்டு, ஏசிபி ஷீட்டில் ஒட்டினால் கோடும் நிற்கும், கண்ணும் கூசாது. உயரம் குழந்தைகள் பார்க்கும்படி இடுப்பளவுக்குச் சாய்வாக வைக்கணும், கூரை வேண்டாம், மர நிழலே போதும். முதல் படத்தை மாதிரிக்கு அவனே அடித்துத் தருகிறேன் என்றான். காசு கேட்டால், "போங்க மிஸ்" என்றான். மீதிக்குக் கூலியில்லாமல், பொருள் விலைக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அந்தத் தாளும், ஐம்பது செடிகளின் பட்டியலும், பூங்காவில் அவை எந்தெந்தப் பகுதியில் இருக்கின்றன என்ற குறிப்பும் என்னிடம் தயார். பட்டியலில் 31 செடிகளைப் பூங்காவில் நானே நடந்து பார்த்து உறுதி செய்துவிட்டேன். மீதிக்கு முட்டி வலி குறைந்ததும் போவேன். தோட்டக்கலைத் துறைக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விஷயம் கேட்கிறேன்: அடுத்த மலர்க் கண்காட்சியின்போது மூலிகைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் இடம், கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் அங்கேயே உட்கார்ந்து செடிகளை வரைய அனுமதி, வருகிற குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் துறையில் இருக்கிறவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள், கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். கடிதத்தை யார் பெயருக்கு அனுப்பினால் கோப்பு நகரும் என்ற அனுபவ ஞானம் எனக்குக் குறைவு. மாதிரிப் படம் வெள்ளிக்கிழமை தயாராகும் என்று சொல்லியிருக்கிறான். வந்ததும் போட்டோ எடுத்துப் போடுகிறேன். கீழே பெயர் எந்த அளவு எழுத்தில் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.